"வயிறு வலிக்குது மிஸ்": தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் மனநலத்தைக் கவனித்துக்கொள்வது எப்படி?

ஆறு, ஏழு வயதுக் குழந்தை "எனக்கு மனசு சரியில்லை" என்று வந்து சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளும். நன்றாக எழுதிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று நோட்டையே திறக்காது. பாத்ரூம் போகக் கேட்காமலே இருந்து உடையை நனைத்துக்கொள்ளும். இந்த வயதில் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பு வழியாகவும் நடத்தை வழியாகவும்தான் வெளியே வரும். அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பாடம் நடத்தும் ஆசிரியர் முதலில் பழக வேண்டியது கவனித்துப் பார்ப்பதும் அதைக் குறித்துவைப்பதும்தான். ஆலோசனை சொல்வது அதற்குப் பிறகு.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனியாக ஆலோசகர் யாரும் இல்லாத, இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் பள்ளியிலும் இவற்றைச் செய்யலாம். பெற்றோருக்கான பகுதிகளும் இடையிடையே வருகின்றன.

காலை முதல் 15 நிமிடம்

வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "வா, உட்காரு" என்பதோடு நிறுத்தாமல் முகத்தைப் பாருங்கள். கண் வீங்கியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா, நேற்றுப் போட்ட அதே உடையா, நடையில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா? ஒரு குழந்தைக்கு ஐந்து விநாடி போதும். முப்பது பேர் என்றாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

காலை உணவு பரிமாறும் நேரமும் கவனிக்க நல்ல வாய்ப்பு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. தட்டைத் தள்ளிவைக்கும் குழந்தை, மென்று விழுங்காமல் அள்ளிப் போட்டுக்கொள்ளும் குழந்தை, தம்பிக்கென்று மடித்து எடுத்துவைக்கும் குழந்தை, இந்த மூவரும் வீட்டைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள். ஒரு பையன் தினமும் பத்தரை மணிக்கு மேல் சண்டை போடுகிறான் என்றால் அவன் சுபாவத்தை ஆராய்வதற்கு முன் அன்று சாப்பிட்டானா என்று பாருங்கள்.

பல பள்ளிகளில் சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நான்கு முகம் வரைந்த சார்ட்டைச் சுவரில் ஒட்டி, குழந்தைகள் தங்கள் பெயர் எழுதிய துணி கிளிப்பை அதில் மாட்டச் சொல்கிறார்கள். நோக்கம் நல்லது. நடைமுறையில் இரண்டு சிக்கல் வரும். முதலில் வரும் குழந்தை எங்கே மாட்டுகிறதோ அங்கேயே எல்லாரும் மாட்டுவார்கள். இரண்டாவது, அழுகை முகத்தில் மாட்டிய குழந்தையை மற்றவர்கள் இன்டர்வலில் கேலி செய்வார்கள், அடுத்த நாளிலிருந்து அது சிரிப்பு முகத்தில் மட்டும்தான் மாட்டும். இதைவிடச் சுலபமான வழி: மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கூழாங்கல். ஒரு டப்பாவில் பச்சைக் காகிதம், மற்றதில் சிவப்பு. "இன்னைக்கு நல்லா இருக்கேன்" என்றால் பச்சையில், "டீச்சர் என்கிட்ட தனியா பேசணும்" என்றால் சிவப்பில் கல் போட வேண்டும். சிவப்புக்குரிய கல்லில் மட்டும் வரிசை எண்ணை மார்க்கரால் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்து அவரவர் பையிலேயே வைத்திருக்கச் செய்யுங்கள். யார் எங்கே போட்டார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. சிவப்பில் கல் விழுந்தால் அன்றே பேசியாக வேண்டும். இரண்டு முறை கல் போட்டும் டீச்சர் கூப்பிடவில்லை என்றால் மூன்றாம் முறை அந்தக் குழந்தை போடாது. மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்காகப் பள்ளியில் இருக்கும் "மாணவர் மனசு" பெட்டி எழுதத் தெரிந்தவர்களுக்கானது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கல்தான் பெட்டி.

குறிப்பேடு

ஒரு குழந்தை கவலை தந்தால் 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள்: நாளும் மணியும், அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன நடந்தது. "அடம் பிடித்தான்", "சேட்டை" என்று எழுதாதீர்கள். "வாய்விட்டுப் படிக்கச் சொன்னதும் புத்தகத்தைக் கீழே போட்டான், அவனை வெளியே நிற்கவைத்தேன்" என்று எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும். மேலே சொன்ன வரியே நான்கு முறை வந்திருந்தால் விஷயம் விளங்கிவிடும்: வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனை இல்லை, வாசிப்பிலிருந்து விடுதலை. அவனுக்கு வேண்டியது வாசிப்பில் உதவி.

இந்த நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். வகுப்பு மேசையில் கிடக்கக் கூடாது.

வயிற்று வலியும் பள்ளிக்கு வர மறுப்பதும்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒன்றாம் வகுப்பின் ஜூன் மாதத்திலும், நீண்ட விடுமுறை முடிந்த வாரத்திலும், திங்கட்கிழமைக் காலையிலும் இது அதிகம் வரும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், விடாத வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, தொப்புளைச் சுற்றி இல்லாமல் ஒரே ஓரத்தில் குத்தும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மலச்சிக்கலையும் மறக்காதீர்கள். பள்ளிக் கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து சாயந்திரம்வரை அடக்கிக்கொள்ளும் குழந்தைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும்.

உடம்பில் காரணம் இல்லை என்றால் வலி வரும் நேரத்தைப் பாருங்கள். ஞாயிறு சாயந்திரம் தொடங்கி, திங்கள் காலை கூடி, வீட்டில் இருக்கலாம் என்று சொன்னதும் அரை மணி நேரத்தில் குறைந்து, சனிக்கிழமை வரவே வராத வலி என்றால் அது பெரும்பாலும் பயத்தின் வலி. அந்த வலி பொய் இல்லை. பயம் வந்தால் குடல் இறுகும், உமட்டும், நிஜமாகவே வலிக்கும். "நடிக்கிறான்" என்ற சொல்லை அந்தக் குழந்தை காதுபடச் சொன்னால், அடுத்த முறை அது இன்னும் சத்தமாக அழுது நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அதற்காக வலி வரும்போதெல்லாம் வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. வீட்டுக்குப் போன உடனே பயம் இறங்கிவிடும். பயந்தால் வீட்டுக்குப் போனால்தான் சரியாகும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும், நாளைக்கு வலி இன்னும் சீக்கிரம் வரும். ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருந்த குழந்தையைத் திரும்பக் கொண்டுவருவது, முதல் நாளே பிடித்து நிறுத்துவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

அடுத்து, எதற்குப் பயம் என்று கண்டுபிடிக்க வேண்டும். "ஏன் பயப்படுற?" என்று கேட்டால் "தெரியலை" என்றுதான் பதில் வரும். அது உண்மையும்கூட. கேட்பதற்குப் பதில் வரையச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே எட்டுக் கட்டம் போட்டுச் சின்னச் சின்னப் படமாக வரையுங்கள்: வீடு, வரும் வழி, கேட், பிரேயர், வகுப்பு, பாத்ரூம், சாப்பாடு, விளையாட்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு கிரேயான் கொடுத்து, "பிடிச்ச இடத்துக்குப் பச்சை, சுமாரா இருந்தா மஞ்சள், பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு" என்று சொல்லிவிட்டு நீங்கள் வேறு வேலையைப் பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள். ஏழு கட்டம் பச்சையாக இருந்து பாத்ரூம் மட்டும் தாள் கிழியும் அளவுக்குச் சிவப்பாக இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம், விளக்கு எரியாமல் இருக்கலாம், ஐந்தாம் வகுப்புப் பையன்கள் கதவைத் தள்ளலாம். வழி சிவப்பு என்றால் தெருநாய் இருக்கலாம், அல்லது ஆட்டோவில் யாரோ தொந்தரவு செய்யலாம். வகுப்பு சிவப்பு என்றால் நம்மையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். மேசையில் பிரம்பு இருக்கிறதா? அது யார்மேலும் படவில்லை என்றாலும், பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வயிறு இறுகும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

காரணம் அம்மாவை விட்டுப் பிரிவது என்றால் வழியனுப்பும் முறையைச் சரிசெய்ய வேண்டும். பெற்றோரிடம் இப்படிச் சொல்லுங்கள்:

1. கேட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். தினமும் ஒரே சொல், ஒரே செய்கை: ஒரு முத்தம், "சாயந்திரம் வர்றேன்", அவ்வளவுதான். திரும்பி வந்து இன்னொரு முறை எட்டிப் பார்க்கக் கூடாது.

2. குழந்தை கவனிக்காத நேரம் பார்த்து நழுவக் கூடாது. ஒரு முறை அம்மா மாயமாகிவிட்டால், மறுநாளிலிருந்து குழந்தை பாடத்தைப் பார்க்காது, வாசலையே பார்க்கும்.

3. எப்போது வருவீர்கள் என்பதை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள். "மதியம் சாப்பிட்டு, ஒரு விளையாட்டு, ஒரு பாட்டு, அப்புறம் மணி அடிக்கும், நான் கேட்ல நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நிற்க வேண்டும். பாட்டிதான் வரப்போகிறார் என்றால் பாட்டி என்றே சொல்லுங்கள்.

4. அம்மாவின் கைக்குட்டை ஒன்றைப் பையில் போட்டுவிடலாம். குழந்தை அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும், யாரும் பிடுங்க வேண்டாம்.

ஆசிரியர் பக்கம் செய்ய வேண்டியது, உள்ளே வந்ததும் ஒரு வேலை கொடுப்பது. சாக்பீஸ் டப்பா எடுத்துவை, செடிக்குத் தண்ணீர் ஊற்று, வருகைப் பதிவேட்டை ஹெச்.எம். அறையில் கொடு. கை வேலையில் இருந்தால் அழுகை சீக்கிரம் அடங்கும். நடுவில் வலிக்கிறது என்றால் "சரி, வலிக்குது. தண்ணி குடிச்சிட்டு என் பக்கத்துல பத்து நிமிஷம் உட்காரு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். பல நாள் வராமல் இருந்த குழந்தைக்கு முதல் இரண்டு நாள் சாப்பாட்டு நேரம்வரை, அடுத்த இரண்டு நாள் மூன்று மணிவரை, பிறகு முழு நாள் என்று வைக்கலாம். எந்த நேரம் என்று ஒப்புக்கொண்டோமோ அந்த நேரத்துக்கு முன், அழுதாலும் அனுப்பக் கூடாது. இரண்டாவது வாரத் திங்கட்கிழமை மறுபடி அழுகை வரும். அது தோல்வி இல்லை, அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான்.

கோபம் வெடிக்கும்போது

கத்துவது, பொருளை எறிவது, கடிப்பது எல்லாம் நடக்கும் அந்த நிமிடத்தில் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. காதில் விழுவதே பாதிதான். மற்ற பிள்ளைகளை இரண்டு அடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள், கத்தரிக்கோல், காம்பஸ் போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். குழந்தைக்கு நேர் எதிரே நின்று குனியாமல், பக்கவாட்டில் ஒரு கை தூரத்தில் தரையில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வாக்கியம்: "ரொம்பக் கோபமா இருக்க. நான் இங்கதான் இருக்கேன்." பிறகு பேசாமல் இருங்கள். ஏன், எதற்கு, யார் ஆரம்பித்தது என்ற கேள்விகள் வேண்டாம். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தப்போனால் தவிரப் பிடிக்கவும் வேண்டாம். மூச்சு சீரானதும் தண்ணீர் கொடுங்கள். பேச்சு அரை மணி நேரம் கழித்து, தனியாக.

அந்தப் பேச்சில் இரண்டு விஷயம் போதும்: என்ன நடந்தது, அடுத்த முறை கைக்குப் பதில் என்ன செய்யலாம். கட்டாயப்படுத்தி "ஸாரி" சொல்லவைப்பதில் பயன் இல்லை. உடைத்ததை ஒட்டுவது, கொட்டியதை அள்ளுவது, அடி வாங்கியவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது ஆகியவை உதவும்.

மூச்சுப் பயிற்சியைக் கோபத்தின் நடுவில் தொடங்காதீர்கள். நன்றாக இருக்கும் நேரத்தில், பிரேயர் முடிந்ததும், தினமும் ஒரு நிமிடம் பழக்குங்கள். வயிற்றில் கை, மூக்கால் மூன்று எண்ணும்வரை இழுப்பது, சூடான பாலை ஆற்றுவதுபோல வாயால் மெதுவாக நான்கு எண்ணும்வரை ஊதுவது, ஐந்து முறை. அடக்கி வைக்கச் சொல்ல வேண்டாம். வேகமாக இழுத்து விட்டால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். பயந்த குழந்தை இன்னும் பயந்துவிடும். ஊதும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம்.

வகுப்பில் ஓர் அமைதி மூலை இருந்தால் நல்லது. ஒரு பாய், ஒரு தலையணை, கோதுமை மாவு அடைத்து இறுகக் கட்டிய பலூன், நாலு கிரேயான், ஐந்து நிமிட மணல் கடிகாரம். ஆசிரியர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். "போ, மூலையில் உட்காரு" என்று ஒரே ஒருமுறை தண்டனையாக அனுப்பிவிட்டால் அந்த மூலையை அதோடு மறந்துவிடலாம். எந்தக் குழந்தையும் தானாக அங்கே போகாது.

படிப்பு, பட்டப்பெயர், வீடு

மூன்றாம் வகுப்பில் வாய்விட்டுப் படிக்க வராத குழந்தைக்கு வெட்கம்தான் முதல் நோய். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்பவை கற்றலின் நிலைகள். அவற்றைக் குழந்தைக்குப் பெயராக்கி "ஏய் அரும்பு" என்று கூப்பிடும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தக் குழந்தையின் பெயரை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கிய பல குழந்தைகளுக்கு வேண்டியிருந்தது கண்ணாடி.

நிறம், உடம்பு, சாதி, அப்பாவின் தொழில் ஆகியவற்றை வைத்துப் பட்டப்பெயர் சொல்வதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பது வேலைக்கு ஆகாது. பயந்த குழந்தை அங்கே வாய் திறக்காது, வெளியே போனதும் அதற்கும் சேர்த்து வாங்கும். தனித்தனியாகக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவறை வாசல், கடைசி வரிசை, வேன் ஆகிய நான்கு இடத்திலும் பெரியவர் ஒருவர் கண் இருக்கட்டும்.

வீட்டில் மரணம் நடந்திருந்தால் குழந்தையிடம் "இறந்துட்டாங்க" என்றே சொல்ல வேண்டும். "தாத்தா தூங்குறார்" என்று சொன்னால் சில குழந்தைகள் தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் திரும்பி வருவார் என்று காத்திருக்கும். இந்த வயதில் "நான் திட்டினதாலதான் செத்துட்டாரா?" என்ற எண்ணமும் உண்டு. அது கேட்காவிட்டாலும் "உன்னால இல்லைடா கண்ணு" என்று சொல்லிவிடுங்கள். குழந்தை பள்ளிக்குத் திரும்பும் முந்தைய நாளே வகுப்புக்குச் சொல்லி, துருவித் துருவிக் கேட்கக் கூடாது என்று பழக்குங்கள்.

பெற்றோரிடம் பேசும்போது கேட்டில் பத்துப் பேர் நடுவில் பேசாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயந்திரம் ஆறரைக்கு மேல் போன் செய்தால்தான் பேச முடியும். நல்லது ஒன்றைச் சொல்லித் தொடங்கி, நோட்டில் இருப்பதை மட்டும் சொல்லி, "வீட்டுல எப்படி இருக்கான்?" என்று கேளுங்கள். நாம் சொன்ன செய்தியால் அன்று ராத்திரி அந்தக் குழந்தைக்கு அடி விழுமா என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். விழும் என்று தோன்றினால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை மாற்றுங்கள்.

குழந்தை பாலியல் தொல்லையைச் சொன்னால்

முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள். "என்கிட்ட சொன்னது நல்லது. தப்பு உன்மேல இல்லை" என்று சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். விவரம் தேடித் துருவ வேண்டாம். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, நாளும் மணியும் போட்டு எழுதிவையுங்கள். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது பிரிவு 21-ன்படி குற்றம். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்குள்ளேயே பஞ்சாயத்து வைப்பது, குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்பது, ஹெச்.எம். முன், பிறகு வேறொருவர் முன் என்று குழந்தையை மறுபடி மறுபடி சொல்லவைப்பது எல்லாமே குழந்தைக்கும் வழக்குக்கும் கேடு.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது?

தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, படிப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பாதிக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அனுப்புங்கள். வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தை பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும் (ஒன்றாம் வகுப்பின் முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்), நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினாலும் அனுப்ப வேண்டும். "செத்துப்போறேன்" என்று சொன்னாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே. எட்டு வயதுக் குழந்தை சும்மா சொல்கிறது என்று விடாதீர்கள், தனியாக வீட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்; பெற்றோரும் ஆசிரியரும் ஆலோசனை கேட்கலாம். நேரில் காட்ட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், வளர்ச்சி, பேச்சு, கற்றல் சிக்கல்களுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உள்ளன. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கிறது.

அனுப்பும்போது வாயால் சொல்லி மட்டும் அனுப்பாதீர்கள். பாதிப் பக்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: எப்போதிலிருந்து, என்னென்ன பார்த்தோம், எத்தனை நாள் வரவில்லை, எதைச் செய்தபோது குறைந்தது, குழந்தைக்கு எதில் ஆர்வம். நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். திரும்பி வந்தபின் மாத்திரை இருக்கிறதா, பள்ளி நேரத்தில் கொடுக்க வேண்டுமா, தூக்கம் வருமா என்று பெற்றோரிடம் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போகும்போது, பெற்றோரின் சம்மதத்தோடு, அந்த நோட்டைப் புது வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்துப் பத்து நிமிடம் பேசுங்கள்.